இரட்டைப் பாதை வருகிறது. நம் ஊர் வண்டி வருமா?



திருப்பதி - பாகாலா - காட்பாடி ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்க மத்திய அமைச்சரவை 2025 ஏப்ரல் 9ஆம் தேதி ஒப்புதல் வழங்கியது. மொத்தம் 104 கிலோமீட்டர். மதிப்பீடு சுமார் 1332 கோடி ரூபாய். ஏறத்தாழ 400 கிராமங்களுக்கும் 14 லட்சம் மக்களுக்கும் இதனால் பயன் என்று அரசு அறிவிப்பு கூறுகிறது. செய்தி வந்த வாரத்தில் சங்கத்து அன்பர்கள் பலர் என்னைக் கண்ட இடத்திலெல்லாம் கை குலுக்கினார்கள். சிவில் டிப்ளமா முடித்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஏதோ நானே கொண்டுவந்த பாதை போல! எனக்கும் மகிழ்ச்சிதான். "சார், இனிமேல் வேலூருக்குக் காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம் அல்லவா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அதற்கு நடுத்தெருவில் நின்று ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தண்டவாளம் வருவது ஒரு வேலை. அதன்மேல் நமக்கான உள்ளூர் வண்டி ஓடுவது இன்னொரு வேலை. முதல் வேலையை ரயில்வே தானே செய்துவிடும். இரண்டாவது வேலை, கேட்டால்தான் நடக்கும். அதுவும் பாதை போட்டு முடித்த பிறகு கேட்டால் நடக்காது. மண் வேலை நடக்கும்போதே கேட்க வேண்டும்.

பழைய கதை கொஞ்சம்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது என்பது பலருக்கும் தெரியும். அடுத்த ஆறே ஆண்டுகளில், 1862-இல், அரக்கோணத்திலிருந்து பிரிந்த வடமேற்குக் கிளை ரேணிகுண்டாவைத் தொட்டுவிட்டது. 1871-இல் அந்தப் பாதை ராய்ச்சூர் வழியாகப் பம்பாயோடு இணைந்தது. ஆக, திருத்தணி, நகரி, புத்தூர் பக்கத்தில் ரயில் ஓசை கேட்கத் தொடங்கி நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அது அகலப் பாதை. துறைமுகத்தையும் தலைநகரங்களையும் இணைப்பதற்காகப் போட்டது.

சித்தூர் வழிப் பாதையின் பிறப்பு வேறு. 1876 முதல் 1878 வரை நம் பகுதியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். ஓர் ஊரில் தானியம் இருந்தும் அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. பஞ்சத்தை ஆராய்ந்த குழு 1880-இல் கொடுத்த அறிக்கையில், வறண்ட மாவட்டங்களுக்குள் ரயில் பாதைகள் வேண்டும் என்று வற்புறுத்தியது. அந்த நினைவு ஆறாத 1880களின் பிற்பகுதியிலும் 1890களின் தொடக்கத்திலும்தான் நம் பக்கத்து மீட்டர் கேஜ் பாதைகள் துண்டு துண்டாகத் திறக்கப்பட்டன. விழுப்புரத்தில் புறப்பட்டால் திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதி, ரேணிகுண்டா, கூடூர் வரை ஒரே கோடு. பாகாலாவிலிருந்து மதனப்பள்ளி ரோடு, கதிரி வழியாகத் தர்மாவரத்துக்கு இன்னொரு கோடு. எல்லாம் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கையில் இருந்தன.

அந்நாளில் இது எதுவும் இரண்டு மாநிலத்துப் பாதை அன்று. சித்தூர்தான் வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம். 1911-இல் சித்தூர் தனி ஜில்லாவான பிறகும் எல்லாம் சென்னை ராஜதானிக்குள்தான். சித்தூர் வெல்லமும் மாம்பழமும் தெற்கே போயின. வேலூர், குடியாத்தம் பக்கத்து நெசவாளரும் வியாபாரியும் கொத்தனாரும் வடக்கே வந்தார்கள். இன்று சித்தூரிலும் திருப்பதியிலும் நம் சங்கத்தில் இருக்கும் குடும்பங்களில் பல, தாத்தா காலத்தில் இப்படி ஒரு மூட்டையோடு வண்டி ஏறி வந்தவைதாம். அவர்கள் அப்போது வேறு மாநிலத்துக்கு வந்ததாக நினைக்கவில்லை. பக்கத்து ஊருக்கு வந்ததாகத்தான் நினைத்தார்கள்.

பாதையின் குறுக்கே விழுந்த கோடுகள்

1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. ம.பொ.சி. அவர்களின் வடக்கெல்லைப் போராட்டமும், அதன்பின் வந்த படாஸ்கர் தீர்ப்பும் நாம் அறிந்தவை. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. அந்த வழக்கை நான் இங்கே மறுபடி எடுக்கப் போவதில்லை. இந்த மண்ணில் பிழைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, தெலுங்குக்காரர்களோடு சம்பந்தமும் செய்துகொண்டவர்கள் நாம்.

நான் சொல்ல வருவது அதிகம் பேசப்படாத இன்னொரு கோட்டைப் பற்றி. மாநில எல்லை 1953-இல் விழுந்தாலும் ரயில்வே எல்லை விழவில்லை. இந்தப் பாதை முழுவதும் தெற்கு ரயில்வேயிலேயே இருந்தது. 1977 அக்டோபரில் குண்டக்கல் கோட்டம் தென் மத்திய ரயில்வேக்கு மாற்றப்பட்டது. அன்று முதல் காட்பாடி சென்னைக் கோட்டத்தில். சித்தூர், பாகாலா, திருப்பதி குண்டக்கல் கோட்டத்தில். காட்பாடிக்கு ஒரு வண்டி விடவேண்டுமானால் இரண்டு மண்டலங்கள் பேசி முடிவு செய்ய வேண்டும். இரு மண்டலத்துக்கும் இந்தப் பாதை வீட்டின் கடைக்கோடி அறை போல. சென்னையில் இருப்பவருக்குக் காட்பாடியோடு அக்கறை முடிந்துவிடுகிறது. மறுபக்கத்தில் இருப்பவருக்குத் திருப்பதியோடு முடிந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் சித்தூர் யாருக்கும் முதல் கவலை இல்லை.

கேஜ் மாற்றத்தில் வந்ததும் போனதும்

1992-இல் ரயில்வே 'யூனிகேஜ்' திட்டத்தைத் தொடங்கியது. ஒரு மீட்டர் அகலப் பாதைகளை 1676 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாற்றும் பெரும்பணி. அதில் காட்பாடி - திருப்பதி பகுதி முதலில் மாறியது. தர்மாவரம் - பாகாலா, விழுப்புரம் - காட்பாடி பகுதிகள் மாறி முடிய 2010 வாக்கில் ஆகிவிட்டது. வேறொரு பிரிவில் இந்த வேலையை நேரில் செய்தவன் நான். மரக்கட்டைகளையும் இரும்புச் சட்டங்களையும் எடுத்துவிட்டுக் கான்கிரீட் ஸ்லீப்பர் போட்டு, நீளத் தண்டவாளங்களைப் பற்றவைத்து, முதல் வண்டியை விட்ட நாளில் எங்கள் கேங்மேன்கள் தேங்காய் உடைத்தார்கள். நல்ல வேலை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. வேகம் கூடியது, பாதுகாப்பு கூடியது, மின்கம்பி வந்தது, வட இந்தியாவிலிருந்தே நேரடி வண்டிகள் வந்தன.

ஆனால் போனது என்ன என்றும் பார்க்க வேண்டும். வேலை நடக்கும்போது பாதையை மூடுவார்கள். சில இடங்களில் மாதக்கணக்கு, சில இடங்களில் ஆண்டுக்கணக்கு. அந்த இடைவெளியில் ஜனங்கள் பஸ்ஸுக்குப் பழகிவிடுவார்கள். திரும்பப் பாதை திறக்கும்போது எக்ஸ்பிரஸ் வண்டிகள் வரும். பழைய பாசஞ்சர்களில் பாதி வராது. சிறிய ஸ்டேஷன்களில் ஆள் குறைப்பார்கள். வண்டி நிற்காததால் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்ததைக் காட்டி, நிற்கிற வண்டியையும் எடுப்பார்கள். பூதலப்பட்டு, பனப்பாக்கம், முங்கிலிப்பட்டு, பொம்மசமுத்திரம், ராமாபுரம் என்று இந்தப் பாதையின் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் எத்தனை பேர்?

பிறகு 2020 மார்ச்சில் கொரோனா. நாடு முழுவதும் பயணிகள் வண்டிகள் நின்றன. பாசஞ்சர்கள் திரும்பி வந்தபோது சிறப்பு வண்டி, எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாறியிருந்தன. பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் முப்பது ரூபாய் ஆயிற்று. அது பழைய நிலைக்குத் திரும்ப 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகளில் எத்தனை கூலிக்காரர்கள், காய்கறிக்காரம்மாக்கள் ரயிலை மறந்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கு ஏது?

ஒற்றைப் பாதையின் கணக்கு

"இரட்டைப் பாதை போட்டால் வண்டி தானாக அதிகரிக்காதா?" என்று கேட்கலாம். இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். ரயில்வேக்காரன் பேச்சாக இருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள்.

ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். எதிர் வண்டி வரவேண்டுமானால் ஒன்று லூப் லைனில் ஒதுங்கி நிற்கவேண்டும். அந்தக் காலத்தில் டிரைவர் கையில் டோக்கன் பந்து கொடுத்தோம். இன்று கருவிகள் அந்த வேலையைச் செய்கின்றன, விதி மாறவில்லை. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே பத்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விரைவு வண்டிக்குப் பத்து நிமிஷம், சரக்கு வண்டிக்குப் பதினைந்து நிமிஷம். லைன் கிளியர் வாங்க, பாயின்ட் மாற்ற, சிக்னல் கொடுக்க இன்னும் ஐந்து நிமிஷம். ஆக மணிக்கு மூன்று அல்லது நான்கு வண்டிகள். அதுவும் போகிறதும் வருகிறதும் சேர்த்து. இந்த நெருக்கடியில் எந்த வண்டியை ஒதுக்குவார்கள்? வந்தே பாரத்தை ஒதுக்க மாட்டார்கள். சூப்பர் பாஸ்டை ஒதுக்க மாட்டார்கள். லூப் லைனில் கிடப்பது நம் பாசஞ்சர்தான். இதில் யார்மேலும் குற்றமில்லை. முன்னுரிமை வரிசையே அப்படி.

இரட்டைப் பாதை வந்தால் எதிர் வண்டிக்காக நிற்கும் தொல்லை தீரும். அதோடு, புதுப் பாதையால் ஆண்டுக்கு 40 லட்சம் டன் கூடுதல் சரக்கு போகும் என்று அரசே சொல்லியிருக்கிறது. நிலக்கரி, சிமெண்ட், தாதுப் பொருள்கள். வடக்கிலிருந்து கேரளத்துக்கும் தென் தமிழகத்துக்கும் செல்லும் நீண்டதூர வண்டிகளையும் இந்தப் பக்கம் திருப்பலாம். அவையும் வேண்டியவைதாம். ஆனால் கால அட்டவணையில் உள்ளூர் வண்டிக்கென்று நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்காவிட்டால், இரண்டு பாதையும் அவற்றாலேயே நிரம்பிவிடும். காலி வீட்டில் யார் முதலில் பாய் விரிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் இடம். பிறகு நாம் போய் நின்றால் "பாத் இல்லை" என்பார்கள். பாத் என்றால், ஒரு வண்டி ஓடுவதற்கு அட்டவணையில் உள்ள காலி இடம்.

பக்கத்து மாவட்டத்தையே பாருங்கள்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அதுவும் நம்முடையது போல மீட்டர் கேஜ்தான். அன்று தாம்பரம் ஊருக்கு வெளியே இருந்த ஓர் ஊர். வண்டி வந்தது, பின்னாலேயே வீடுகளும் பள்ளிகளும் தொழிற்சாலைகளும் வந்தன. அகலப் பாதையாக மாற்றும்போது, பக்கத்திலேயே புதுப் பாதை போட்டு, உள்ளூர் வண்டிகள் ஓட ஓடவே படிப்படியாக மாற்றினார்கள். 2004 ஜூலை 1ஆம் தேதி கடைசி மீட்டர் கேஜ் மின்வண்டி ஓய்வு பெற்றது. அங்கே உள்ளூர்ப் பயணிதான் முக்கியம் என்று முடிவு செய்ததால் அப்படி நடந்தது.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். சென்னைப் புறநகர் வண்டி இப்போதே திருப்பதி மாவட்டத்துக்குள் வருகிறது! கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, தடா வழியாகச் சூலூர்ப்பேட்டை வரை அது ஓடுகிறது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது அந்தப் பகுதி திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்பவர்களும், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களும் அதில் போய் வருகிறார்கள். மாநில எல்லை குறுக்கே கிடப்பதால் அந்த வண்டி நின்றுவிடவில்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் அதை உள்ளூர் வண்டியாகவே பாவிக்கிறார்கள். கிழக்கே சூலூர்ப்பேட்டைக்கு முடிவது மேற்கே சித்தூருக்கு ஏன் முடியாது?

மெல்பர்னில் கண்டது

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. இப்போது நம் சங்கத்தில் வீட்டுக்கொரு பிள்ளை வெளிநாட்டில். மகள் குடும்பம் ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் இருப்பதால் இரண்டு மாதம் அங்கே தங்க வாய்ப்பு கிடைத்தது. பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வண்டி ஏறுவதே என் பொழுதுபோக்கு. அங்கே 1919-இலேயே புறநகர் மின்வண்டிகள் வந்துவிட்டன. ஆனாலும் பின்னாளில் கார்கள் பெருகி, கூட்டம் குறைந்து, சில பாதைகளை மூடினார்கள். நகருக்கு வடக்கே விட்டில்சீ என்ற ஊருக்குப் போன பாதை 1959-இல் மூடப்பட்டது. கதை அதோடு முடியவில்லை. 1964-இல் எப்பிங் வரை மின்மயமாக்கித் திறந்தார்கள். ஊர் வளர்ந்தது. 2012-இல் சவுத் மோரங் வரை, 2018-இல் மெர்ண்டா வரை நீட்டினார்கள். மூடின பாதையின் நிலத்தில் பெரும்பகுதியை வீட்டு மனையாக்கி விற்காமல் வைத்திருந்ததால்தான் ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்தும் அது சாத்தியமாயிற்று.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. மொரப்பூர் - தருமபுரி சிறு பாதை 1941-இல் மூடப்பட்டது. அதை மறுபடி அகலப் பாதையாகப் போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். நிலம் எடுப்பதிலேயே ஆண்டுகள் ஓடின. ஒருமுறை கைவிட்டதைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இடத்துக்கு இது பொருந்துவது போலவே அட்டவணை நேரத்துக்கும் பொருந்தும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது: திருப்பதிக்கும் காட்பாடிக்கும் இடையே, காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை, இரண்டு மணிக்கொரு மெமு வண்டி. இப்போதும் சில பாசஞ்சர்கள் ஓடுகின்றன. விரல்விட்டு எண்ணிவிடலாம், நேரமும் நமக்கு ஒத்து வருவதில்லை. மெமுவில் முன்னும் பின்னும் டிரைவர் அறை உண்டு. எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலையில்லை. நின்று கிளம்பினால் சீக்கிரம் வேகம் பிடிக்கும். எல்லா ஸ்டேஷனிலும் நின்று சராசரி 45 கிலோமீட்டர் வேகத்தில் போனால்கூட 104 கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டு மணி இருபது நிமிஷம். கடைசி ஸ்டேஷனில் இருபது நிமிஷம் நிறுத்தினாலும், போய்த் திரும்பி அடுத்த நடைக்குத் தயாராக ஐந்தேகால், ஐந்தரை மணி நேரம். ஆகவே மூன்று வண்டித் தொடர்கள் இருந்தால் இரண்டு மணிக்கொரு சேவை நடத்தலாம். பழுதுபார்க்க ஒன்று கூடுதல். மொத்தம் நான்கு. 1332 கோடி ரூபாய் வேலைக்கு முன்னால் இது பெரிய கேட்பு அல்ல.

இரண்டாவது: நேரம் மாறக்கூடாது. ஆறு மணிக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று என்று ஜனங்கள் மனத்தில் பதிய வேண்டும். பஸ்ஸை நாம் நம்புவது அது தவறினால் அடுத்தது வரும் என்பதால்தான். காலை பதினோரு மணிக்குள் வேலூர் மருத்துவமனையில் இருக்க வேண்டிய நோயாளிக்கு, விடியற்காலை மூன்று மணிக்குச் சித்தூரைத் தாண்டும் எக்ஸ்பிரஸால் என்ன பயன்?

மூன்றாவது: ஸ்டேஷன் அமைப்பு. இதை எஞ்சினியராகச் சொல்கிறேன். இரண்டாவது பாதை வந்தால் இரண்டாவது பிளாட்பாரம் வரும். இப்போது நேராக நடந்து வண்டி ஏறும் பாட்டி, நாளை தண்டவாளத்தைக் கடந்து மறுபக்கம் போகவேண்டும். நாற்பது படி ஏறும் மேம்பாலம் மட்டும் கட்டினால் அவர் அதில் ஏற மாட்டார், குறுக்கே நடப்பார். அது உயிர் ஆபத்து. கரை உயர்த்தும்போதே சாய்தளத்தோடு சுரங்க வழி வைத்தால் செலவு குறைவு. வண்டி ஓடத் தொடங்கிய பிறகு அதே வேலை பல மடங்கு. லெவல் கிராசிங்குகளை மூடிக் கீழ்ப் பாலம் கட்டும் இடங்களில் மழைத் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பாலம் குளமாகிவிடும். வரைபடத்தில் வடிகால் உண்டா என்று கிராமத்தார் இப்போதே கேட்க வேண்டும்.

நான்காவது: அடுத்த கட்டமாக இந்த வண்டிகளைக் காட்பாடியோடு நிறுத்தாமல் வேலூர் கண்டோன்மென்ட் வரை, முடிந்தால் திருவண்ணாமலை வரை நீட்ட வேண்டும். பழைய மீட்டர் கேஜ் காலத்தில் அது ஒரே கோடு. தண்டவாளம் இன்றும் இருக்கிறது.

சில மறுப்புகள்

"பஸ் போதுமே" என்பவர்களுக்கு: திருப்பதி - சித்தூர் - வேலூர் சாலையில் நாள் முழுவதும் பஸ்கள் நிரம்பிப் போவதே இங்கே பயணி இருக்கிறான் என்பதற்கு ஆதாரம். ஆந்திராவில் 2025 ஆகஸ்டு 15 முதல் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் இலவசப் பயணம் கிடைக்கிறது. நல்ல திட்டம். மாநிலத்துக்குள் ரயிலுக்கு வரும் பெண்கள் அதனால் குறையலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இலவசம் மாநில எல்லை தாண்டும் பஸ்ஸுக்கு இல்லை. வேலூருக்கும் காட்பாடிக்கும் போகும் நம் வீட்டுப் பெண்களுக்கு மலிவான வழி ரயில்தான்.

"நஷ்டம் வருமே" என்பவர்களுக்கு: உள்ளூர் ரயில் எந்த ஊரிலும் டிக்கெட் காசில் மட்டும் பிழைப்பதில்லை. ஐதராபாத்தில் 2003-இல் எம்.எம்.டி.எஸ். தொடங்கியபோது மாநில அரசும் ரயில்வேயும் செலவைப் பகிர்ந்துகொண்டன. நம் பாதையில் பயன்பெறுவது இரண்டு மாநிலத்தார். திருமலை, காணிப்பாக்கம், காளஹஸ்தி பக்தர்களும், வேலூர் நோயாளிகளும், இரு ஊர்க் கல்லூரி மாணவர்களும் இதில் அடக்கம்.

"தமிழ்ச் சங்கத்துக்கு ரயில் எதற்கு?" என்று நம்மவரே கேட்கக்கூடும். விழா நடத்துவதும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துவதும் நம் கடமைதான். ஆனால் ஆத்தா, அப்பத்தா ஊருக்குப் போகவர வழி சுலபமாக இருந்தால், பிள்ளைகள் விடுமுறைக்கு அங்கே போவார்கள். பேச்சும் உறவும் தானே ஒட்டிக்கொள்ளும். வாரக் கடைசியில் குடியாத்தத்துக்குப் போய்வந்த பிள்ளைகளின் தமிழையும் போகாத பிள்ளைகளின் தமிழையும் வகுப்பெடுக்கும் நம் ஆசிரியைகளைக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் சொல்வார்கள்.

செய்ய வேண்டியது

இப்போது ஒரு நல்ல சமயம் வாய்த்திருக்கிறது. 2019-இல் அறிவிக்கப்பட்ட தென் கடற்கரை ரயில்வே மண்டலத்தின் எல்லைகளுக்கு 2025 பிப்ரவரியில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. குண்டக்கல் கோட்டம் அதன் கீழ் வருகிறது. புதிய வீட்டுக்குக் குடிபோகும்போதுதான் எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று யோசிப்பார்கள். நம் கோரிக்கை அந்த நேரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும்.

சங்கச் செயற்குழுவுக்கு என் யோசனைகள் மூன்று. ஒன்று, நம் குடும்பங்களில் யார் யார், எந்த நாளில், எதற்காக வேலூர்ப் பக்கம் போகிறார்கள் என்று ஒரு பக்கப் படிவத்தில் கணக்கெடுப்போம். "கூட்டம் அதிகம்" என்று எழுதினால் அதிகாரி மடித்து வைத்துவிடுவார்; எண்ணிக்கை எழுதினால் பதில் எழுத வேண்டிவரும். இரண்டு, கோட்ட அளவில் ரயில் பயணிகள் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. குண்டக்கல், சென்னை இரண்டு கோட்டங்களின் குழுக்களுக்கும் ஒரே மனுவை ஒரே நாளில் கொடுப்போம். எம்.பி.க்களுக்கும் நகல். மூன்று, மனுவில் நாம் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். சித்தூர் வெல்ல மண்டிக்காரர்கள், மாம்பழ விவசாயிகள், பாகாலா, சந்திரகிரி ஊர்ப் பெரியவர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரையும் சேர்ப்போம். மனு தெலுங்கிலும் தமிழிலும் இருக்கட்டும். தமிழர் கேட்கும் வண்டி என்று பேர் வந்தால் அதற்கு ஒரு கட்சி, எதிர்க்கட்சி கிளம்பிவிடும். இந்தப் பாதையோரத்து ஜனங்கள் கேட்கும் வண்டி என்று இருந்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில், ஒரு மூத்த மேஸ்திரி எங்களுக்குச் சொல்வார்: "ஜல்லி கொட்டுறதுக்கு முன்னாடி லெவல் பாரு தம்பி, கொட்டின அப்புறம் பார்த்தா முதுகுதான் ஒடியும்." காட்பாடியிலிருந்து திருப்பதி வரை ஜல்லி கொட்டி முடிவதற்குள் நாம் லெவல் பார்த்துக்கொள்ள வேண்டும். படிவம் தயாரிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். வீடு வீடாகக் கொண்டுபோக இளைஞர்கள் பத்துப் பேர் வேண்டும். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் பெயர் கொடுங்கள்.